எட்டு மணிக்குள் ருக்மிணி

"மேடம், உங்க ஓட்டைக் காலையிலேயே போட்டாச்சே!"

இந்த வாக்கியத்தை ருக்மிணி தன் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கேட்கிறாள். முதல் முறை ஈரோட்டில், தமிழில். இரண்டாவது முறை, இதோ, நியூ ஜெர்சி எடிசனில், ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், இங்கிலீஷில்.

1996, நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டியவள். லேபில் அவளுடைய மேலாளர், "முதல் ஓட்டா? உடனே கிளம்புங்க" என்று பெருந்தன்மையாக அனுப்பத்தான் பார்த்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். அமெரிக்க ஜனநாயகத்துக்கு அது தெரியாது, ருக்மிணிக்குத் தெரியும். நாலரை வரை ஊசிமேல் உட்கார்ந்த மாதிரி நாற்காலியில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் தடிக் கோட்டு மாட்டி, ஒரு டப்பா நிறையக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தால்...

"காலையிலேயே போட்டாச்சா? யாரு?"

"நீங்கதான்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த மீசைக்காரர், வாக்காளர் புத்தகத்தில் விரலை வைத்து. "ருக்மிணி சுவாமிநாதன். எதிரே கையெழுத்து இருக்கு."

ருக்மிணிக்கு ஜிம்மின் பளபளத்த மரத்தரை கொஞ்சம் ஆடியது.

1977. ஈரோடு. அவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்போது இருபத்தொன்று நிரம்பினால்தான் ஓட்டு. எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தல். முதல் நாள் இரவே புடவையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்து இஸ்திரி பண்ணிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று உள்ளே போனாள். "உன் ஓட்டைப் போட்டாச்சேம்மா" என்றார் அதிகாரி. "சார், என் விரலைப் பாருங்க, மையே இல்லை" என்று நீட்டிக் காட்டினாள். அவர் விரலைப் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போம்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். போனாள். அழுதாள். அடுத்த தேர்தலுக்குள் கல்யாணமாகி ஊர் மாறியதில், புது ஊர்ப் பட்டியலில் பெயரே இல்லை. அதற்கடுத்த தேர்தலுக்குள் அமெரிக்கா வந்தாயிற்று. விசா, கிரீன் கார்டு, போன வருடம் கையைத் தூக்கிக் குடியுரிமை உறுதிமொழி. ஆக, நாற்பத்திரண்டு வயது ருக்மிணி இன்றைய தேதி வரை ஒரே ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை.

இன்று விட்டால்?

இல்லை. இன்று வீட்டுக்குப் போவதாக இல்லை.

"அந்தக் கையெழுத்தைக் காட்டுங்க" என்றாள்.

மீசைக்காரர் தயங்கினார். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தது. கறுப்பினப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் ஊதாநிற ஸ்கார்ஃப். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'ஆர்லீன் பிக்கெட்' என்று பெயர்.

"பாருங்க. பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு."

பார்த்தாள். ருக்மிணி சுவாமிநாதன் என்று அச்சிட்ட வரியில் அவளுடைய மாதிரிக் கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், இன்று காலை போட்ட கையெழுத்து, அசல் கறுப்பு மையில், தமிழில்!

வெ. சுவாமிநாதன்.

கடைசி எழுத்தின் தலையில் வைத்த புள்ளி, காகிதத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது.

கள்ள ஓட்டுப் போட்ட ஆசாமியை ருக்மிணிக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரியும். பதினெட்டு வருடமாக அவருக்குத்தான் காலையில் காப்பி கலந்து கொடுக்கிறாள்.

*

நடந்தது இதுதான்.

நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர், ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். அமெரிக்க விண்ணப்பத்துக்கு அது போதாது. 'கடைசிப் பெயர் என்ன?' என்று கேட்கும். சுவாமிநாதன் தன் அப்பா வெங்கடாசலத்தை எழுதினார். ருக்மிணி தன் கணவர் சுவாமிநாதனை எழுதினாள். ஆகவே ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் தூங்கும் இரண்டு பேரில் மனைவி எஸ் வரிசையிலும், கணவர் நான்கு பக்கம் தள்ளி வி வரிசையிலும் வாக்காளர்கள்.

காலை ஏழே கால். நியூயார்க் ரயிலைப் பிடிக்கும் கூட்டம் வாசல்வரை. "கடைசிப் பெயர்?" என்றார்கள். நாற்பத்தேழு வருடமாக யார் பெயர் கேட்டாலும் சொல்கிற பதிலைத்தான் சொன்னார்: "சுவாமிநாதன்." விலாசம் சொன்னார். பொருந்தியது. மூக்குக்கண்ணாடி கைப்பெட்டிக்குள் இருந்தது, ரயில் வந்துகொண்டிருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் யாரும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடவில்லை.

ருக்மிணி இவ்வளவையும் ஊகித்து மேஜைக்காரர்களிடம் விளக்கி முடித்தபோது மணி ஆறு பதினைந்து.

மீசைக்காரர் வி பக்கத்தைப் புரட்டினார். "ஆமாம், வெங்கடாசலம், சுவாமிநாதன். காலியாத்தான் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப சிம்பிள் மேடம். அவர் உங்க வரியில போட்டார். நீங்க அவர் வரியில போட்டுடுங்க. ரெண்டு பேர், ரெண்டு ஓட்டு. கணக்கு நேர்."

பேனாவையும் நீட்டினார்.

ஒரு நிமிட வேலை. திரைக்குப் பின்னால் போய் வந்துவிடலாம். ருக்மிணி அந்தப் பேனாவைப் பார்த்தாள். ஈரோட்டில் அவள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டவனும் இப்படித்தானே ஒரு பேனாவை வாங்கியிருப்பான்?

"வேண்டாம்" என்றாள். "அது அவர் ஓட்டு. எனக்கு என்னுது வேணும்."

ஆர்லீன் பிக்கெட் முதல் முறையாகச் சிரித்தாள்.

"அப்போ ஜட்ஜைத்தான் பார்க்கணும். நியூ பிரன்ஸ்விக் கோர்ட்டுல, இந்த மாதிரி கேஸுக்காகவே இன்னிக்கு ஒரு ஜட்ஜ் உக்காந்திருக்காங்க. உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க. ஜட்ஜ் ஆர்டர் கொடுத்தா, நீங்க போடலாம்." ஒரு துண்டுத்தாளில் விலாசத்தை எழுதினாள். "ஆனா ஒண்ணு. எட்டு மணிக்குக் கதவைப் பூட்டுவேன். எட்டு அடிக்கிறப்போ நீங்க கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கணும். அந்தப் பக்கம் இருந்தா, எங்க அம்மாவே ஆனாலும் கிடையாது."

"உங்க அம்மாவுக்குமா?"

"எங்க அம்மாவுக்குத் தெரியும் காத்திருக்கிறதுன்னா என்னன்னு. 1962, அலபாமா. ஓட்டர் லிஸ்டுல பேர் சேர்க்கத் திங்கள்கிழமை போனா. நானும் கூடப் போனேன், எனக்குப் பதினாறு. கிளார்க் லஞ்சுக்குப் போயிருக்கார்னாங்க. அடுத்த திங்களும் லஞ்ச். எங்க அம்மா ஒவ்வொரு திங்களும் நல்ல தொப்பியா ஒண்ணை வெச்சுக்கிட்டுப் போவா. அறுபத்தஞ்சுல, கறுப்பங்க ஓட்டைத் தடுக்கக்கூடாதுன்னு சட்டம் வந்தப்புறம்தான் அந்த மனுஷன் சாப்பிட்டுக் கை கழுவினான்." துண்டுத்தாளை நீட்டினாள். "மூணு வருஷ லஞ்ச்! என்ன சாப்பிட்டானோ!"

ருக்மிணி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கேசரி டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"எட்டு மணி வரைக்கும் ஓட்டர்கிட்ட எதுவும் வாங்கக்கூடாது" என்று ஆர்லீன் மூக்கை மட்டும் டப்பாவுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூடியை மூடினாள். "இங்கேயே இருக்கட்டும். ஓடுங்க!"

*

எடிசன் ஸ்டேஷன். ஆறு இருபத்திரண்டுக்கு வர வேண்டிய ரயில் ஆறு நாற்பதுக்கு வந்தது.

சுவாமிநாதன் சாவகாசமாக இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மடித்த பேப்பர். பட்டுப்புடவையும் கோட்டுமாகப் பிளாட்பாரத்தில் நின்ற மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட ருக்கு! ஓட்டுப் போட்டுட்டியா?"

"நான் போடலை. நீங்க போட்டுட்டீங்க!"

"ஆமா, நான் காலையிலயே..."

"என் ஓட்டை!"

காருக்குள் வைத்து விஷயத்தைச் சொன்னாள். சுவாமிநாதனின் முகம் சுவிட்சை அணைத்த மாதிரி ஆனது.

"ஐயையோ! அங்க சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தானே, தப்பா ஓட்டுப் போட்டா ஜெயில்னு. நான் போய் ஜட்ஜ்கிட்டயே ஒத்துக்கணுமா? டிபோர்ட் பண்ணி ஊருக்கே அனுப்பிட்டா?"

"சிட்டிசனை எங்கேங்க டிபோர்ட் பண்ணுவான்? எடிசனுக்கா?"

"நீ மூணு மணிக்கே போயிருந்தா சாவகாசமா..."

"ராகு காலத்துல போகச் சொல்றீங்களா?"

"ராகு காலத்துக்கு முன்னாடி போன எனக்கே இந்தக் கதி!" என்று முனகியபடி சாவியைத் திருகினார்.

சுவாமிநாதன் கார் ஓட்டும் அழகு எடிசன் தமிழர்களிடையே பிரசித்தம். நாற்பது மைல் போகலாம் என்று போர்டு சொன்னால், அதை ஒரு சவாலாக எடுத்துக்கொள்ளாமல் முப்பத்தைந்தில் போவார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரனால் அவருடைய பூர்வீகத்தை விசாரித்தன. ருக்மிணி டாஷ்போர்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு ஐம்பத்திரண்டு. ஆறு ஐம்பத்தொன்பது. ஏழு ஐந்துக்குக் கோர்ட்டு.

வாசலில் மெட்டல் டிடெக்டர். சுவாமிநாதன் தாண்டினார், அலறியது. பெல்ட்டைக் கழற்றினார், அலறியது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு கனத்த இங்க் பேனா வெளிவந்தது. எடுத்துத் தட்டில் போட்டதும் டிடெக்டர் வாயை மூடிக்கொண்டது.

"அந்தப் பேனாவாலதானே?" என்றாள் ருக்மிணி.

"அதேதான்" என்றார் குற்றவாளி.

*

மூன்று பேர் வரிசையில் முன்னால். அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஏழு இருபத்திரண்டு.

நீதிபதி, ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த ஓர் அம்மாள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து முதல் கடி கடித்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் அதைப் பொட்டலத்தோடு ஓரமாகத் தள்ளினார்.

பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க ருக்மிணியால் முடியவில்லை. அவசரத்திலும் வாய் தானாகச் சொன்னது: "நீங்க சாப்பிட்டுட்டு..."

"சாண்ட்விச் எட்டு மணிக்கு மேலேயும் இருக்கும். உங்க பூத் இருக்காது. சொல்லுங்க."

ஆர்லீனின் அம்மா இந்த அறைக்கல்லவா வந்திருக்க வேண்டும், அந்தத் தொப்பியோடு, என்று நினைத்துக்கொண்டாள் ருக்மிணி.

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாள். பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், எஸ் வரிசை, வி வரிசை. நீதிபதி மஞ்சள் தாளில் அம்புக்குறிகள் போட்டு, ஒரு முறை அழித்து, மறுபடி போட்டார்.

"ஆக, உங்க கடைசிப் பெயர்தான் இவருடைய முதல் பெயர்."

"ஆமா."

"இவருடைய கடைசிப் பெயர், இவர் அப்பாவின் முதல் பெயர்."

"ஆமா."

"உங்க வீட்டுக்குத் தபால் எப்படி வந்து சேருது?"

"தபால்காரர் நல்லவர், யுவர் ஆனர்" என்றார் சுவாமிநாதன். அதுதான் அவர் கோர்ட்டில் பேசிய முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியத்துக்கு எழுந்து நின்றார். "தப்பு என்னோடதுதான். கண்ணாடி போடாம கையெழுத்துப் போட்டேன். அவ பேர்ல கேஸ் எதுவும் வேண்டாம். என் பேர்ல எழுதிக்குங்க."

ருக்மிணி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை வீட்டுக்குப் போய்ச் செலவழித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையெழுத்து உங்களுடையதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" நீதிபதி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஆர்லீன் பிக்கெட். "அந்த வரியில் என்ன இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்."

"எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, ஜட்ஜ்" என்றது ஆர்லீனின் குரல். "சக்கரம் சக்கரமா, சைக்கிள் கடை மாதிரி இருக்கு. கடைசி எழுத்துத் தலையில ஒரு புள்ளி. புள்ளின்னா சும்மாப் புள்ளி இல்ல. ஓட்டை! அடுத்த தாள்லயும் மை இறங்கியிருக்கு."

நீதிபதி ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "போடுங்கள் உங்கள் கையெழுத்தை."

சுவாமிநாதன் பேனாவைத் திறந்தார். வெ. சுவாமிநாதன். கடைசியில் 'டக்!' மேஜையே அதிர்ந்தது.

நீதிபதி தாளைத் தூக்கிப் பிடித்தார். புள்ளியின் வழியாக டியூப்லைட் வெளிச்சம் ஊசிபோல் இறங்கியது.

"இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை" என்று தும்மினார். பிறகு ருக்மிணியைப் பார்த்தார். "ஒரு சந்தேகம். இவர் வரி காலியாக இருந்ததே, அதில் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?"

"போடச் சொன்னாங்க. வேற ஒருத்தர் பேர்ல போட்டா அது என் ஓட்டு இல்லையே, யுவர் ஆனர். என் பேர்ல ஒரு தடவை வேற யாரோ போட்டிருக்காங்க, எங்க ஊர்ல. பத்தொன்பது வருஷமாச்சு. இன்னும் எனக்கு அவன் மேல கோபம்."

நீதிபதி பரபரவென்று எழுதினார். காலையில் விழுந்தது வெங்கடாசலம் சுவாமிநாதனின் வாக்கு, அதை அவர் பெயரில் பதிய வேண்டும். ருக்மிணி சுவாமிநாதன் தன் பெயரில் வாக்களிக்கலாம். முத்திரை. கையெழுத்து.

"மணி ஏழு முப்பத்தெட்டு" என்றார், சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு. "ஓடுங்க!"

*

பார்க்கிங்கில் சுவாமிநாதன் வழக்கம்போல டிரைவர் பக்கத்து இடது கதவைத் திறக்கப் போனார். ருக்மிணி சாவியைப் பிடுங்கினாள்.

"நகருங்க. இன்னிக்கு நான் டிரைவ் பண்றேன்."

"ரூட் ஒன் ஹைவேல நீ ஓட்டினதே இல்லையேடி!"

"ஓட்டும் போட்டதில்ல. ரெண்டையும் இன்னிக்கே பண்ணிடறேன்."

வண்டி சீறியது. லாரி ஒன்றைத் தாண்டியது. இன்னொன்றை. சுவாமிநாதன் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த முருகனையெல்லாம் ஊர் வாரியாகக் கூப்பிட்டார். பழனியைத் தாண்டித் திருச்செந்தூருக்குப் போவதற்குள் சிவப்பு விளக்கு.

ஏழு நாற்பத்தொன்பது.

"லெஃப்ட் எடு, லெஃப்ட்!"

"நியூ ஜெர்சியில லெஃப்ட் எடுக்க முடியுமா? ரைட்ல போய்ச் சுத்தித்தானே வரணும்!" இடது பக்கம் போக வலது பக்கம் ஒதுங்கிச் சுற்றி வரவேண்டிய இந்த ஊர்ச் சாலையை அமைத்த மகானை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே சுற்றினாள்.

ஏழு ஐம்பத்தைந்து. பள்ளிக்கூட விளக்குகள் தெரிந்தன. பார்க்கிங் நிரம்பி வழிந்தது. ருக்மிணி வாசலிலேயே நிறுத்தினாள். "நீங்க பார்க் பண்ணிட்டு வாங்க!" சொல்லும்போதே இறங்கியாயிற்று. ஆர்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி இந்த வேகத்தில் ஓடி எடிசன் பார்த்ததில்லை.

கதவருகே ஆர்லீன் பிக்கெட். கையில் சாவி. கண் சுவர்க் கடிகாரத்தில். கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தெட்டு.

"இன்னும் ரெண்டு நிமிஷம்!" என்று மைதானம் அதிர ஆர்லீன் கத்தினாள். "ஓடி வாங்க! விழுந்துடாதீங்க!"

ருக்மிணி கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பல்லிலிருந்து ஆர்டரை எடுத்தாள். ஆர்லீன் அதைப் படித்தாள். ஒரு முறை. முத்திரையை இன்னொரு முறை. யாருக்கும் அவள் சலுகை காட்டுவதாக இல்லை. பிறகு புத்தகத்தைத் திறந்தாள்.

"இங்கே. உங்க பேர்ல."

ருக்மிணி கையெழுத்துப் போட்டாள். திரைக்குப் பின்னால் போனாள்.

எட்டு அடித்தது. கதவு பூட்டப்படும் கடைசி விநாடியில் உள்ளே நுழைந்த சுவாமிநாதன், மூச்சு வாங்க மேஜையருகே வந்து நின்றார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். திரை அசையவில்லை.

"என்ன பண்றா உள்ள இவ்வளவு நேரம்?"

"ஸ்ஸ்!" என்றாள் ஆர்லீன். "காலையில அவசரப்பட்டவர் நீங்க. பேசாம நில்லுங்க."

க்ளங்க்!

ஓட்டு இயந்திரத்தின் நெம்புகோல் விழுந்த ஓசை காலி ஜிம்மில் கோயில் மணி மாதிரி கேட்டது. திரை விலகியது. ருக்மிணியின் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. மீசைக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

ஆர்லீன் மேஜைக்கடியிலிருந்து கேசரி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். "மணி எட்டாயிடுச்சு. இனிமே சட்டம் என்னை ஒண்ணும் பண்ண முடியாது." ஸ்பூனுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "இதுக்கா ரெண்டு மணி நேரம் என்னைப் பக்கத்துல உக்கார வெச்சீங்க! பாவம் இல்லையா!"

ருக்மிணி தன் இடது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கே மை வைக்க மாட்டாங்க, இல்ல?"

"என்ன மை?"

சொன்னாள். ஊரில் ஓட்டுப் போட்டால் நகத்தில் மை வைப்பார்கள், வாரக்கணக்கில் அழியாது, ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரியலாம் என்று. ஆர்லீன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எங்க அம்மாவுக்கு அப்படி ஒண்ணு வெச்சிருந்தா, அந்த விரலைக் கழுவியே இருக்க மாட்டா."

சுவாமிநாதன் சட்டைப் பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்தார். மனைவியின் விரலைப் பிடித்தார்.

"மெதுவா! விரலையும் ஓட்டை போட்டுடாதீங்க!"

வாழ்க்கையில் முதல் முறையாக சுவாமிநாதன் ஒரு புள்ளியை மெதுவாக வைத்தார். நகத்தின் மேல், கறுப்பாக, வட்டமாக. நிமிர்ந்தால், பக்கத்தில் இன்னொரு விரல் நீண்டிருந்தது.

"நானும் காலையில ஓட்டுப் போட்டேன்" என்றாள் ஆர்லீன். "என் வரியிலதான்."

திரும்பும்போதும் ருக்மிணிதான் காரோட்டினாள். முப்பத்தைந்துக்குக் குறைவாக ஒரு விநாடிகூடப் போகவில்லை. வலது கை மட்டும் ஸ்டியரிங்கில். இடது கை, விரலை நீட்டியபடி, கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே நின்றது.

"ரெண்டு கையாலயும் பிடி ருக்கு, பயமா இருக்கு."

"மை காயட்டுங்க."